ஈட்டுத் தொகை

மாநிலம் பாதி தரும்.
மீதிப் பாதியை ஊர் காட்ட வேண்டும்.
விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கம்
இதையே நான்கு விதமாகச் சொல்கிறது.

எங்கள் ஊர் ஸ்லேக் ஹாலோ, பென்சில்வேனியா.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்,
பனி வாரும் லாரி ஒன்று,
சாலை உப்புக்கென்று வங்கியில் எடுத்துவைத்த பணம்.
பேரூராட்சியின் எழுத்தர் நான் ஒருத்தி,
அதுவும் செவ்வாய், வியாழன் மட்டும்.

கேட்கும் நிலம் ஆற்றங்கரையில்:
மரக்கிடங்கு இருந்த மூன்றரை ஏக்கர்,
சுமாக் புதர்,
அச்சு முறிந்த டிரெய்லர்,
கம்பி வேலியில் பிள்ளைகள் வெட்டிக்கொண்ட வாசல்.
தற்போது பொழுதுபோக்குப் பயன்பாடு உண்டா
என்று கேட்டது படிவம்.
வேலியில் ஓட்டை என்று எழுத முடியுமா?
"முறைசாரா நுழைவு" என்று எழுதினேன்.

நிலத்துக்காரர் மைரன் ஹுடாக்.
ஹாலோவீன் இரவில் விளக்கணைத்து உட்காருகிறவர்.
தேவாலயத்துப் பியரோகி விற்பனையில்
டஜனுக்குப் பதின்மூன்று கேட்டுச் சண்டை போட்டவர்.
நான்கு வருடச் சொத்துவரி பாக்கி.
"நாற்பதாயிரம் கொடுங்கள், தொலையட்டும்" என்றார்
வலைக்கதவைத் திறக்காமலே.

அதில் பாதிக்கே எங்கே போவது?
தன்னார்வலர் உழைப்பை
மணிக்கு இத்தனை டாலர் என்று காட்டலாம் என்றார்கள்.
காட்டினேன்:
வென்டெல் ஷூக் புல் வெட்டப்போகும் பதினாறு மணி,
ஆறாம் வகுப்பு குப்பை பொறுக்கப்போகும் சனிக்கிழமை,
ட்ரூடி கெம்ஃபர் கொண்டுவரப்போகும் காபிகூட.
காபியை மட்டும் அடித்துவிட்டார்கள்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிறகு மதிப்பீட்டாளர் வந்தார்,
சேறே பார்த்திராத பூட்ஸோடு.
பத்தாம் நாள் கடிதம்:
நிலத்தின் சந்தை மதிப்பு எண்பதாயிரம்.

அன்று மதியம் அந்தத் தாள் மேசையில்,
சாண்ட்விச் பிரிக்காமல் பக்கத்தில்.
மதிப்பு தெரிந்தேதான் விற்கிறேன் என்று
உடைமையாளர் கையெழுத்திட வேண்டும். விதி.
விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா?
செவ்வாய்க்கிழமை ஒரு பதில்,
வியாழக்கிழமை வேறொன்று.

எடுத்துப் போனேன்.
வலைக்கதவின் இடுக்கில் வாங்கி
இரண்டு முறை படித்தார்,
சைபர்களை நகத்தால் எண்ணினார்.
"நான் நாற்பதுக்கே கொடுத்தால்
மற்ற நாற்பது எங்கே போகும்?"
"எங்கும் போகாது.
ஊருக்கு நீங்கள் தந்ததாக எழுதிக்கொள்வோம்.
அதுதான் எங்கள் பாதி."
"எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?"
"கொடை என்று ஒரு பத்தி இருக்கிறது."

நெடுநேரம் ஆற்றுப் பக்கம் பார்த்தார்.
உள்ளே குளிர்பெட்டி உறுமி நின்றது.
"அந்த வார்த்தை
என் பெயர் பக்கத்தில் எப்படி இருக்குமோ."
பிறகு சட்டென்று கோபம்:
"டிரெய்லரை நீங்கள்தான் அகற்ற வேண்டும்,
ஒரு சென்ட் தரமாட்டேன்."
வலைக்கதவு திறந்தது.
என் பேனாவை வாங்கினார்.
திருப்பித் தரவில்லை.

பத்திரத்தில் ஒரு நிபந்தனை:
இந்நிலம் பொதுமக்களுக்கே,
சந்திர சூரியர் உள்ளவரை.
மூன்று பேக்கரி, இரண்டு வங்கி, ஓர் உயர்நிலைப் பள்ளி,
எதையும் தக்கவைக்கத் தெரியாத ஊர்
சந்திரனையும் சூரியனையும் சாட்சிக்கு இழுத்துக்
கையெழுத்திட்டது,
நாலுக்கு மூன்று வாக்கில்.

மாநில நிதி என்று சொல்லும் பலகை கட்டாயம்.
ஊஞ்சலுக்கு முன் அது வந்து சேர்ந்தது.
ஜூன் முழுக்கப் பிள்ளைகளுக்கு
அதன் இரண்டு கால்கள்தான் கோல் கம்பம்.
வேலியைப் பிரித்தாயிற்று.
ஓட்டை இருந்த இடத்துக்கு வந்ததும்
இன்னும் சிலர் குனிகிறார்கள்.

வியாழன்தோறும் அலுவலகம் வருகிறார் ஹுடாக்:
பெஞ்சு ஆற்றுக்கு முதுகு காட்டுகிறது,
யார் வைத்தது இப்படி?
புகார்ப் பதிவேட்டை நகர்த்துகிறேன்.
சட்டைப் பையிலிருந்து
என் பேனாவை எடுத்துக்
கையெழுத்திடுகிறார்.